ஒடித்துப் பார்த்த ஸ்க்ரூ டிரைவர்

எனக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படுவதற்குத்தான். எண்ணூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வந்து இறங்கும் சரக்கைச் சோதிக்கிற பிரிவில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். போல்ட், நட், வாஷர், ஸ்பிரிங் என்று எது வந்தாலும் முதலில் என் மேஜைக்கு வரவேண்டும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பக்கூடாது, கூடவே வரும் சான்றிதழை நம்பக்கூடாது, கொண்டுவந்து கொடுக்கிறவரின் சிரிப்பை அறவே நம்பக்கூடாது. இதுதான் எனக்கு முதல் வாரத்தில் சொல்லப்பட்டது. நானும் ஒரு நாளும் மீறியதில்லை.

இந்தப் புத்தி தொழிற்சாலை வாசலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. எல்லாரும் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவார்கள். நான் மீன்கார அம்மாவின் தராசுத் தட்டையும் கவிழ்த்துப் பார்ப்பேன். அவள் என்னைக் கண்டாலே, "வந்துட்டா பாரு சிஐடி" என்று பக்கத்துக் கூடைக்காரியிடம் சொல்வாள். சொல்லட்டுமே. நான் வாங்கிய வஞ்சிரம் ஒரு நாளும் நாறியதில்லை.

இந்தக் கதை ஒரு ஜன்னலில் ஆரம்பிக்கிறது. எங்கள் வீடு எர்ணாவூரில், ஒரு குடியிருப்பின் இரண்டாவது மாடி. படுக்கையறை ஜன்னல் எக்ஸ்பிரஸ் ரோட்டைப் பார்த்தது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் அங்கே வரிசையில் நின்றுகொண்டே இருக்கும். என்ஜினை அணைக்கவும் மாட்டார்கள், நகரவும் மாட்டார்கள். அந்த இரைச்சல் எங்களுக்குப் பழகிப்போனது. பழகாதது வாடைதான். ரசாயன ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் வாடை வரும். சில நாள் அழுகிய முட்டை மாதிரி, சில நாள் அடுப்பை அணைக்காமல் விட்ட காஸ் மாதிரி, சில நாள் பெயர் சொல்லத் தெரியாத ஏதோ மருந்து நெடி மாதிரி தொண்டையில் உரசும். முதலில் மூக்கில் படுகிற வீட்டுக்காரி சத்தம் போடுவாள்: "வாடை வருது! ஜன்னல சாத்து!" மேல்மாடி அதைக் கீழ்மாடிக்குச் சொல்லும், கீழ்மாடி அடுத்த பிளாக்குக்குச் சொல்லும். இரண்டு நிமிஷத்தில் குடியிருப்பு முழுக்கத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கும்.

எங்கள் ஜன்னல் மட்டும் சாத்தாது. மேல் கீலில் ஸ்க்ரூக்கள் உப்புக் காற்றில் துருப்பிடித்து, துளையும் பெரிதாகி, ஒரு பக்கக் கதவு தொங்கிப்போயிருந்தது. எவ்வளவு தள்ளினாலும் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி நிற்கும். அதில் என் கணவரின் பழைய கைலியைச் சுருட்டித் திணித்து வைப்போம். கைலிக்குக் காற்றைத் தடுக்கத் தெரியும், வாடையைத் தடுக்கத் தெரியாது.

என் கணவர் டிரெய்லர் ஓட்டுகிறவர். இரண்டு வருஷமாக அவருக்கு இழுப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சுகிற மருந்து ஒன்று கொடுத்தார்கள். அதை அவர் பம்ப் என்பார். வாடை வந்தால் வீட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள், அதிகமானால் உடனே வாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதற்கப்புறம் அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. கேட்டால் ஒரே பதில்தான்.

"வாடை வந்தா மட்டும்தான் இழுக்குது. மத்தபடி நான் சோக்காத்தான் கீறேன்."

அப்படியானால் அந்த ஜன்னல் சாத்தியாக வேண்டும். எனக்கு அவ்வளவுதான் கணக்கு. ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "சட்டமே போயிடுச்சுக்கா. அலுமினிய ஜன்னல் போட்டுடுங்க" என்றார். தட்டிய விதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விசாரித்தேன். அவர் மச்சானுக்குத் தண்டையார்பேட்டையில் அலுமினியக் கடை. சட்டத்தை நானே ஆணியால் குத்திப் பார்த்தேன், மரம் கல் மாதிரி இருந்தது. பழைய ஸ்க்ரூவைக் கழற்றி, புதுசு போட்டால் தீர்ந்தது. அதற்கு ஒரு ஒழுங்கான ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஸ்க்ரூ டிரைவர் பெயின்ட் டப்பா திறந்து திறந்து கரண்டியாகிவிட்டிருந்தது.

மறுநாளே என் கணவர் ஒரு பெட்டியோடு வந்தார். லாரி வரிசையில் நிற்கும்போது சுண்டல், டீ, போன் சார்ஜர் என்று எல்லாம் தேடி வரும். டூல் செட்டும் வருமாம்.

"முப்பத்தாறு பீஸ்மே. ஜெர்மனி சரக்கு. ஆயுசுக்கும் வேற வாங்க வேணாம்."

பெட்டியைத் திறந்தேன். எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னியது. மின்னும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல டூலின் முனையில் இவ்வளவு பளபளப்பு இருக்காது, மேல்பூச்சு முனையில் நிற்காது என்பதால் கறுப்பாகத்தான் விடுவார்கள். பெட்டியின் மூடியில் நாட்டின் பெயரிலேயே ஓர் எழுத்து குறைந்தது.

"இத்த வித்தவன் மூஞ்ச பாத்தியாய்யா?"

"மூஞ்சிய வெச்சா மே கீல் மாட்டப் போற? டூல பாரு."

"பாத்துட்டுதான் சொல்றேன். டுபாக்கூர்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்காலி போட்டு ஏறி, தானே மேல் கீலில் வைத்து முறுக்கினார். இரண்டாவது முறுக்கில் ஸ்க்ரூ அசையவில்லை, ஸ்க்ரூ டிரைவரின் முனைதான் வெண்ணெய் மாதிரி சுற்றிக்கொண்டது. அதோடு விட்டிருக்கலாம். இன்னொன்றை எடுத்து இன்னொரு ஸ்க்ரூவில் வைத்தார். அதன் தலையில் இருந்த நட்சத்திரப் பள்ளமும் வழுக்கி, பாதி வட்டமாகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். நாற்காலியை விட்டு இறங்கியதும் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். ஏன் இவ்வளவு வாங்குகிறது என்று கேட்டேன். கோபத்தில் வாங்குகிறது என்றார். கோபம் எனக்கும் இருந்ததால் அதை நம்பினேன்.

அடுத்த நாள் மாலை ஷிப்ட் முடிந்து நேராகப் பழைய வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். அங்கே ஒரு பாய் வைத்திருக்கும் ஹார்டுவேர் கடை. ரோட்டைப் பார்த்து நீளமாக ஒரு கல்லா, பின்னால் உத்தரம் வரைக்கும் இழுப்பறைகள். பாய்க்கு அறுபது வயதிருக்கும். எந்த இழுப்பறையில் எது என்று எழுதி ஒட்டவில்லை. எழுதாத இழுப்பறை என்றாலே எனக்கு ஆகாது. எதை வேண்டுமானாலும் எடுத்து எதுவென்றும் சொல்லலாமே.

"இன்னாமா வேணும்?"

"வூட்டுக்கு ஸ்க்ரூ டிரைவர் செட்டு. நல்லதா, வெல குறைச்சலா."

"ரெண்டும் ஒரே பெட்டில வராதுமா." அவர் சிரித்தார். சிரிப்பை அறவே நம்பக்கூடாது. "வூட்ல ஆம்பள வரலியா? இன்னா வேலைக்குன்னு தெரிஞ்சா எடுத்துக் குடுப்பேன்."

"வேல செய்யப் போறது நான்தான். கீல் ஸ்க்ரூ. துரு புடிச்சது."

அவர் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். பிறகு மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று, எங்கள் வீட்டில் இருக்கும் அதே முப்பத்தாறு பீஸ். அதை அவரே ஒதுக்கித் தள்ளினார்.

"இத்த காட்டறதுக்குத்தான் வெச்சிகினு கீறேன். முப்பத்தாறுல நீ எடுக்கப்போறது மூணு. மிச்சம் முப்பத்திமூணும் தொட்டில்ல தூங்கற கொழந்த மாரி பெட்டிலயே கெடக்கும். வூட்டு வேலைக்கு ஸ்டார்ல ரெண்டாம் நம்பர், ஒன்னாம் நம்பர். தட்டைல பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு. கரண்ட் பாக்க டெஸ்டர். அவ்ளோதான்."

சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. விலை குறைந்ததைத் தானே மட்டம் தட்டுகிற வியாபாரி அடுத்து விலை கூடியதைத் தலையில் கட்டுவான் என்பது என் அனுபவம். அதற்கேற்ப மூன்றாவது பெட்டி வெளிநாட்டுச் சரக்கு, என் கை தொடுகிற விலை இல்லை. நான் நடுவில் இருந்த ஆறு பீஸ் செட்டை இழுத்துக்கொண்டேன். உள்நாட்டில் செய்தது. கம்பியில் எஃகின் வகையைப் பொறித்திருந்தார்கள். பொறிக்க யாருக்குத்தான் தெரியாது? பையிலிருந்து என் காந்தத்தையும் சின்ன அரத்தையும் எடுத்தேன்.

பாய் பதறவில்லை. "தேய்ச்சுப் பாரு. ஆனா முனைல தேய்க்காத, கம்பில தேய்" என்றார்.

முனையில் தேய்க்காதே என்றால் முனையில்தான் ஏதோ இருக்கிறது. நான் முனையில் தேய்த்தேன். அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. எஃகு கெட்டியாகத்தான் இருந்தது. பிடியைத் திருகிப் பார்த்தேன், கம்பி உள்ளே சுற்றவில்லை. உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன், விளிம்பு குத்தவில்லை. ஈரக்கையோடு பிடித்தால் வழுக்குமா என்று பார்க்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். பாய் தன் சொம்பை நீட்டினார். பின்னால் நின்ற இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் வரும்போதே மனசு கேட்கவில்லை. ஒரு மாதிரிப் பெட்டியைக் கடையில் காட்டிவிட்டு, கொடுக்கும்போது வேறு பெட்டியை உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பது பழைய டகால்டி வேலை. பாய் நடுவில் ஒருமுறை கீழே குனிந்தாரே, எதற்குக் குனிந்தார்? அரத்தால் தேய்த்த தடம் முனையில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அதுவும் போதவில்லை. அரத்துக்குக் கெட்டியாக இருப்பது முறுக்கும்போது சில்லாக எகிறலாம். முறுக்கிப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

எங்கள் பிரிவில் முறுக்கிப் பார்க்கிற மெஷின் இருக்கிறது. ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மறுபக்கம் முறுக்கும். எவ்வளவு விசைக்குத் தாங்குகிறது என்று முள் காட்டும். வந்த சரக்கில் சிலதை எடுத்து உடையும் வரைக்கும் முறுக்க வேண்டும், அது தாங்கினால் மிச்சத்தை நம்பலாம். எந்தப் பாகம் அதிகம் பாரம் தூக்குமோ அதைத்தான் உடைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. மறுநாள், சோதித்துப் பார்க்கப் போகிறேன் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெட்டியைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, வாசலில் காட்டாமல் உள்ளே கொண்டுபோனேன். சொந்தப் பொருளை உள்ளே எடுத்துப் போனால் வாசலில் எழுதிச் சீட்டு வாங்கவேண்டும். அதற்கு ஒரு வரிசை. எதற்கு இந்தப் பேஜாரு என்று விட்டுவிட்டேன்.

டீ இடைவேளையில் மெஷின் பக்கம் யாரும் இல்லை. ஆறில் அதிகம் வேலை செய்யப்போவது எது? ஸ்டார் ரெண்டாம் நம்பர். சந்தேகமே இல்லை. அதை மாட்டினேன். முறுக்க ஆரம்பித்தேன். முள் ஏறிக்கொண்டே போனது. நான் எதிர்பார்த்த அளவைத் தாண்டியது. முனை வழுக்கவில்லை, சில்லு எகிறவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. இன்னும் முறுக்கினேன். கம்பி லேசாகத் திருகிக்கொண்டு, பிறகு "டங்" என்று நடுவில் ஒடிந்தது.

பிரமாதமான சரக்கு. தினசரி வருகிற எத்தனையோ பெட்டிகளுக்குப் போடுகிற மாதிரி மனசுக்குள் "ஏற்றுக்கொள்ளலாம்" என்று முத்திரையும் போட்டுவிட்டேன். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தேன். அப்புறம்தான் உறைத்தது. தொழிற்சாலையில் ஆயிரத்தில் ஒன்றை உடைத்தால் மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது அதே மாதிரி இருக்கும். என் பெட்டியில் ரெண்டாம் நம்பர் ஒன்றே ஒன்றுதான். கீலுக்கு வேண்டியதும் அதுதான். விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுவது என்றால் என்னவென்று அன்றைக்குத் தெரிந்தது.

இது போதாதென்று, சாயங்காலம் வெளியே வரும்போது வாசலில் பையைச் சோதித்தார்கள். செக்யூரிட்டி புதிதாக வந்தவர். பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"இது கம்பெனி டூலாம்மா?"

"என்னுது. வூட்டுக்கு வாங்குனது."

"உள்ள வரும்போது எழுதுனீங்களா?"

எழுதவில்லை. அவர் நோட்டைப் புரட்டினார், என் முகத்தைப் பார்த்தார், ஒடிந்த கம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். என் மேஜைக்கு வருகிற ஒவ்வொரு பெட்டியையும் நான் அப்படித்தான் பார்ப்பேன். "ஆபீசர் வரட்டும்மா, அதுவரைக்கும் அப்படி உக்காருங்க" என்றார். குரலில் மரியாதை இருந்தது, நம்பிக்கை துளியும் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் விட்டிருக்கமாட்டேன்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் காற்று திரும்பியது. என் மூக்கில் அந்த மருந்து நெடி பட்டது. வாசலில் நின்றவர்கள் துண்டை எடுத்து மூக்கில் கட்டினார்கள். அன்று என் கணவருக்கு லோடு இல்லை, வீட்டில் இருந்தார். போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"வாடை வருதாய்யா?"

"லைட்டா கீது." நடுவில் நிறுத்தி மூச்சு விட்டார். "கைலி வெச்சிட்டேன். ஒண்ணியும் இல்ல. நீ வா."

நான் செக்யூரிட்டியிடம் கெஞ்சினேன். பெட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான் போகிறேன் என்றேன். பெட்டியை விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம் இன்னும் கெட்டியானது. ஆபீசர் வந்து, பார்த்து, சிரித்து, கையெழுத்துப் போட்டு என்னை அனுப்பும்போது முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வீட்டில் அவர் படுக்கையறையில் இல்லை. பாத்ரூம் தரையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் ஒழுங்காகச் சாத்துகிற கதவு அது ஒன்றுதான். ஈரத்துண்டு தோளில் கிடந்தது, கையில் பம்ப். உதடு வெளுத்திருந்தது. ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றேன், கையை ஆட்டி வேண்டாம் என்றார். அவர் முதுகைத் தடவிக்கொண்டு அந்த ஈரத்தரையிலேயே நானும் உட்கார்ந்தேன். ஜன்னல் இன்றைக்குச் சாத்தியிருக்க வேண்டியது. என் சந்தேகப் புத்தியால் சாத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஸ்க்ரூ டிரைவரு பாஸா?" என்பதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒடித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கப் பார்த்து இருமினார்.

மறுநாள் ஒடிந்த இரண்டு துண்டுகளோடு பாய் கடையில் நின்றேன். எதுவும் சொல்லாமல் ஒரு ரெண்டாம் நம்பர் மட்டும் தனியாக வேண்டும் என்றேன்.

"முந்தாநேத்து எடுத்துகினு போன செட்ல கீதே?"

துண்டுகளைக் கல்லாமேல் வைத்தேன். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒடிந்த இடத்தைப் பார்த்தார். விரலால் தடவினார். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். நீ சரியாகப் பிடிக்கவில்லை, சுத்தியால் அடித்திருப்பாய் என்று எதையாவது சொல்லுவார் என்று நினைத்தேன்.

"கையால ஒடிஞ்சது இல்லமா இது. மனுசன் கைக்கு இவ்ளோ பலம் ஏது? மெஷின்ல போட்டியா?"

"ஆமா பாய்."

"நான் ஏமாத்திடுவேன்னு நெனச்சிகினு?"

"ஆமா பாய்."

பாய் துண்டுகளை ஒரு காகிதத்தில் சுற்றித் திரும்பக் கொடுத்தார். "தப்பு இல்ல. நீ குடுத்த நோட்ட நானும் குனிஞ்சி கல்லாவுக்குக் கீழ கீற லைட்டாண்ட புடிச்சிப் பாத்துட்டுதான் பெட்டில போட்டேன்" என்றார். அவர் குனிந்ததற்கு அர்த்தம் அதுதானாம்.

இழுப்பறையிலிருந்து ஒரு ரெண்டாம் நம்பரை எடுத்து வைத்தார். துரு ஸ்க்ரூவுக்கு முதல் நாளே எண்ணெய் விடவேண்டும், முறுக்குவதற்கு முன் பிடியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டவேண்டும், தலை வழுக்கிப்போன ஸ்க்ரூவுக்குச் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை நடுவில் வைத்து அழுத்தித் திருப்பவேண்டும் என்றார். இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு எண்ணெய் டப்பாவை நீட்டுவார் என்று காத்திருந்தேன். "வூட்ல தையல் மெஷின் எண்ண இருந்தா போதும்" என்றார். துருப்பிடிக்காத ஸ்க்ரூ ஒரு டஜன் பொட்டலம் கட்டினார். காந்தம் என் பையில்தான் இருந்தது. எடுக்கலாமா என்று கை போனது. வெட்கத்தில் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல துருப்பிடிக்காத எஃகில் காந்தம் ஒட்டாது. நல்ல ஸ்க்ரூதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தோம். முதல் நாளே எண்ணெய் விட்டிருந்தேன். மரத்தூள் கண்ணில் விழும் என்று மின்விசிறியை நிறுத்தினேன். நான் நாற்காலியில், அவர் கீழே நின்று ஜன்னல் கதவைத் தாங்கிக்கொண்டு. பிடியைத் தட்டி, உடம்பு பாரத்தையெல்லாம் கொடுத்து முறுக்கினேன். முதல் ஸ்க்ரூ "கிரிக்" என்று முனகிவிட்டு அசைந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ உடைத்திருக்கிறேன், ஒன்றைக் கழற்றிப் பூட்டியது அன்றுதான். தலை வழுக்கிப்போன ஸ்க்ரூவும் டியூப் துண்டுக்கு மசிந்தது. பெரிதாகிப்போன துளைகளில் தீக்குச்சிகளை எண்ணெய் படாமல் திணித்து, புது ஸ்க்ரூவை இறக்கினேன். நடுவில் இரண்டு முறை அவர் கதவைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். கை மரத்துப்போச்சு என்றார். நாற்பது டன் வண்டியை வளைக்கிற கை, ஒரு ஜன்னல் கதவுக்கா மரத்துப்போகும் என்று கேலி செய்தேன்.

கடைசி ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டுக் கதவைத் தள்ளினேன். சட்டத்தோடு சட்டமாகப் போய் உட்கார்ந்தது. தாழைப் போட்டேன். லாரி இரைச்சல் கத்தரித்த மாதிரி நின்றது. இந்த அறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது.

"பாத்தியா," என்றார் கட்டிலிலிருந்து. "இனிமே வாடையாவது ஒண்ணாவது."

இன்னொரு சத்தமும் கேட்டது. மெல்லிய விசில் மாதிரி, இழுத்து இழுத்து. கீல்தான் கிறீச்சிடுகிறது என்று நினைத்தேன். எங்கேயோ ஒரு ஸ்க்ரூ சரியாக உட்காரவில்லை, பாய் கடைசியில் ஏமாற்றித்தான் விட்டார் என்று மனசு உடனே அவர்மேல் பாய்ந்தது. நாற்காலியில் ஏறி ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் கெட்டியாக இருந்தன. கதவை இரண்டு கையாலும் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டேன். சத்தம் நிற்கவில்லை. அது என் முதுகுக்குப் பின்னாலிருந்து, கட்டில் பக்கமிருந்து வந்தது.

திரும்பினேன். அவர் இரண்டு கையையும் தொடைமேல் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மூச்சை அடக்கினார். விசிலும் நின்றது. எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்? மறுபடியும் ஆரம்பித்தது.

அன்று காலையிலிருந்தே கடல் காற்று. ஒரு பொட்டு வாடை கிடையாது.

"இன்னிக்கு வாடை இல்லியே," என்றேன்.

"மரத்தூளு."

"நேத்து?"

"புழுக்கமா கீது. ஜன்னல தொற மே" என்றார்.

தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். ஊர் சரக்கையெல்லாம் உடைத்து உடைத்துப் பார்த்தவள், இந்த மனுஷன் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை இரண்டு வருஷமாகத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்கி வைத்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. கோபம்கூட வரவில்லை.

"தொறக்க மாட்டேன். நீ சொல்லு, எத்தினி நாளா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மூச்சைச் சேர்த்தார்.

"தெனமும் கீது மே. லாரி சத்தத்துல ஒனக்குக் கேக்கல."